பத்து ராகம், ஒரு டிஸ்கோ தாளம்: செய்யூரில் எழுந்த ஒரு வழக்கு

செய்யூரில் பாட்டைப் பற்றி வழக்கு ஒன்று கிளம்பினால் லேசில் ஓயாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் கீர்த்தனைகள் இயற்றிய செங்கல்வராய சாஸ்திரியை இசையுலகம் இந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துத்தான் அழைக்கிறது. கந்தசுவாமி கோயில் வாசலில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகளும், மைக்செட்டில் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுகளும் இங்கே ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்கின்றன. அப்படி ஒரு பெஞ்சில் எழுந்த வழக்குதான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

மைக்செட் தொழில் நடத்தும் அண்ணன் ஒருவர் அடித்துச் சொன்னார்: "தமிழ்ல கம்ப்யூட்டர் மியூசிக் வந்தது 1986ல. ராஜா பண்ணது. அதுக்கு முன்னாடி கிடையாது." அவரைவிட இளையவர் ஒருவர், கம்ப்யூட்டர் மியூசிக் என்றாலே 1992, 'ரோஜா', ரகுமான் என்றார். கல்லூரியில் படிக்கும் பையன் இருவரையும் மறுத்தான்: "ரெண்டுமே இல்லண்ணே. 1982லயே பம்பாயில சரண்ஜித் சிங்னு ஒருத்தர் ஆசிட் ஹவுஸ் போட்டுட்டாரு. வெள்ளைக்காரங்க அவரைப் பாத்துதான் கத்துக்கிட்டாங்க."

மூன்று பேச்சிலும் ஆண்டு இருந்தது; சான்று இல்லை. பழைய இசைத்தட்டுகளையும் அவற்றின் உறைகளையும் படிப்பது என் வேலை. எனவே மூன்றையும் மூன்று கூற்றுகளாகக் குறித்துக்கொண்டு, அண்மையதிலிருந்து பின்னோக்கிப் போகத் தீர்மானித்தேன்.

'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. அதன் ஒலி புதிது என்பதில் அன்று கேட்டவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. கீபோர்டில் தட்டின பாட்டு நிலைக்காது என்று சொன்னவர்களும் அது புதிது என்பதை ஒப்புக்கொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் எது புதிது? சின்தசைசர், அதாவது மின்னலைகளைக் கொண்டே ஒலியை உண்டாக்கும் வாத்தியம், அதற்கு முன்பே சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. ரகுமானே திலீப் என்ற பெயரில் எம்.எஸ்.விஸ்வநாதன், இளையராஜா உள்ளிட்ட பலருக்குக் கீபோர்டு வாசித்தவர். 1992இல் மாறியது வேலை நடக்கும் முறை. வாத்தியக் குழு முழுவதும் தியேட்டரில் கூடி (பதிவுக்கூடத்தை அந்நாள் கலைஞர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) நொட்டேஷனைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்த வழக்கம் தளர்ந்தது. இசையமைப்பாளரின் சொந்தக் கூடத்தில், ஒலிமேல் ஒலியாக அடுக்கிப் பாட்டை எழுப்பும் வழக்கம் வந்தது. ஆகவே இளையவர் சொன்னதில் பாதி நிற்கும். 'ரோஜா' ஒரு தொடக்கம்தான். எந்திரத்தின் தொடக்கம் அன்று.

1986 இதைவிடச் சிக்கலானது. அந்த ஆண்டு மே மாதம் சுஜாதா எழுதிய 'விக்ரம்' வந்தது. தீபாவளியை ஒட்டி பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' வந்தது. இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. 'புன்னகை மன்ன'னின் மையக்கரு இசை யமஹா சி.எக்ஸ்.5.எம். என்ற கணினியில் செய்யப்பட்டது என்றும், அதை இயக்கியவர் அன்றைய திலீப் என்றும் ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த எந்திரம் 1984இல் சந்தைக்கு வந்தது. வீட்டுக் கணினி ஒன்றுக்குள் சின்தசைசரைப் பொருத்திய அமைப்பு அது. சுரங்களை வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டால் தானே வாசிக்கும். இந்தச் சுரவரிசைக் கருவிக்குத்தான் சீக்குவென்சர் என்று பெயர். ஆண்டுக் கணக்கு தடுக்கவில்லை. காதும் தடுக்கவில்லை. அந்த இசையில் தட்டுகள் ஒவ்வொன்றும் ஒரே அழுத்தத்தில், மூச்சு வாங்காமல் விழுகின்றன.

காகிதம் மட்டும் துணைக்கு வரவில்லை. அக்காலத் தமிழ்ப் படத்தட்டின் உறையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் இருப்பார்கள். வாசித்தவர் யார், எந்த வாத்தியத்தில் என்று சொல்லும் வழக்கம் இல்லை. மைக்செட் அண்ணன் பத்திரமாக வைத்திருக்கும் தட்டுகளையும் கேசட்டுகளையும் அவர் கடைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். கை யாருடையது என்ற கேள்விக்கு உறைகள் வாய் திறக்கவில்லை. இந்த மௌனம் தற்செயலானதில்லை என்று அப்போதே பட்டது. 1986ஐப் பொறுத்தவரை நான் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: எந்திரத்துக்குக் காலம் ஒத்துப்போகிறது, காதுக்கும் ஒத்துப்போகிறது, கைக்குச் சான்று வாய்மொழி மட்டும்.

இனி பையனின் கூற்று. இங்கேதான் உண்மையான வேட்டை தொடங்கியது.

ஆசிட் ஹவுஸ் என்பது அமெரிக்காவின் சிகாகோ நகர நடனக் கூடங்களில் 1980களின் பிற்பாதியில் உருவான மின்னிசை வகை. சீரான நாலு தட்டுத் தாளம்; அதன்மேல் புழுவைப்போல் நெளிந்து, சமயத்தில் கீச்சிடும் ஒரு பாஸ் ஒலி. அதன் முதல் தட்டாகப் பொதுவாகச் சுட்டப்படுவது ஃப்யூச்சர் என்ற மூவர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்', 1987. சரண்ஜித் சிங்கின் தட்டின் பெயர் 'சின்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். எச்.எம்.வி. வெளியீடு. பதிவானது 1982, வெளியான ஆண்டை 1982 என்றும் 1983 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். பிந்தியதையே கொண்டாலும் சிகாகோவுக்கு நான்கு ஆண்டு முந்தியது.

அவர் பம்பாய்த் திரையிசைக் கலைஞர். 1940இல் பிறந்தவர். ஆர்.டி.பர்மன், லட்சுமிகாந்த் பியாரேலால் போன்றோரின் குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். சொந்தப் பெயரில் போட்ட இந்தத் தட்டு விற்கவில்லை. 2002இல் டச்சு நாட்டுச் சேகரிப்பாளர் எடோ பவுமன் டெல்லிக் கடை ஒன்றில் இதைக் கண்டெடுத்தார். பிறகு பம்பாயில் சிங்கையே தேடிப் பிடித்தார். 2010இல் மறுவெளியீடு செய்தார். உடனே மேற்கத்திய ரசிகர்களிடையே பெரும் வழக்கு எழுந்தது. இது மோசடி என்றது ஒரு கட்சி. இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தட்டு என்று ஏமாற்றுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். ஏஃபெக்ஸ் ட்வின் என்ற ஆங்கிலேய மின்னிசைக் கலைஞரின் குறும்பாக இருக்கலாம் என்றுகூடப் பேசினார்கள்.

மோசடி என்ற ஐயத்தை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. கல்வெட்டைப் பார்க்கிறவன் எழுத்தின் காலத்தைச் சோதிப்பதுபோல, இதில் எந்திரங்களின் காலத்தைச் சோதிக்கலாம். தட்டில் ஒலிப்பவை மூன்று, மூன்றும் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள். டி.ஆர்.808 என்ற தாளக் கருவி 1980இல் வந்தது. ஜூபிட்டர் 8 என்ற சின்தசைசர் 1981இல் வந்தது. டி.பி.303 என்ற பாஸ் கருவியும் 1981இன் இறுதியில் தலைகாட்டியது. சிங் இவற்றைச் சிங்கப்பூரில் வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். 1982இல் பம்பாயில் இருந்திருக்க முடியாத எந்த ஒலியும் தட்டில் இல்லை. பிற்காலத்தவன் போலி செய்திருந்தால் எங்காவது ஒரு பிற்கால ஒலி நழுவி விழுந்திருக்கும்.

ஆனாலும் இது வெளிச்சான்று. உள்ளிருந்து ஒரு சான்று வேண்டும் என்று, நாகஸ்வரம் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் தட்டைக் கொண்டுபோனேன். பெயர் எதையும் சொல்லாமல் போட்டேன். தாளக் கருவி தொடங்கியதும் முகம் சுளித்தார். அரை நிமிஷம் கழித்து, "இந்தோளம்" என்றார். உறையில் மால்கௌன்ஸ் என்று இருக்கிறது. இந்துஸ்தானியில் நம் இந்தோளத்துக்கு அதுதான் பெயர். அடுத்து மோகனம் என்றார்; உறையில் பூபாளி. யமனைக் கல்யாணி என்றும், கலாவதியை வலஜி என்றும், பைராகியை ரேவதி என்றும் தடையின்றிச் சொன்னார். தோடியில் மட்டும் நின்றார். "சுபபந்துவராளி மாதிரி போகுதே" என்றார். அவர் சொன்னதுதான் சரி. வடக்கே தோடி எனப்படுவதன் சுரங்கள் நம் தோடியின் சுரங்கள் அல்ல, சுபபந்துவராளியின் சுரங்கள்.

லலித் வந்தபோது இரண்டு முறை போடச் சொன்னார். அதில் பஞ்சமம் கிடையாது. இரண்டு மத்யமங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த ராகத்தின் உயிரே அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. "வாசிக்கிறவருக்கு வழி தெரியுது. சுரத்தை மட்டும் தெரிஞ்சவன் இப்படிப் போக மாட்டான்" என்றார். ராகத்தின் சுரப்பட்டியலைப் புத்தகத்தில் எவரும் பார்த்துவிடலாம். எங்கே நிற்பது, எங்கிருந்து தாவுவது, எதைத் தொட்டும் தொடாமல் விடுவது என்பதைப் பட்டியல் சொல்லாது. ஐரோப்பியக் குறும்புக்காரன் என்ற கதை என்னளவில் இந்த இடத்தில் முடிந்துபோனது.

பெரியவர் குறையும் சொன்னார். அதை மறைப்பது நியாயமில்லை. எல்லா ராகத்தையும் ஒரே வேகத் தாளத்தில் கட்டியதால் கல்யாணி விரியவே இல்லை என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. யமனில் அவசரம் தெரிகிறது. லலித்தும் தோடியும்தான் இந்தத் தட்டின் உச்சம். புகழ்கிறவர்கள் பத்தையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த கேள்வி கடினமானது. ஒருவரை ஒருவர் அறியாமல் பம்பாயும் சிகாகோவும் எப்படி ஒரே ஒலிக்கு வந்தன? பையனின் விடை, சிகாகோ பம்பாயைக் கேட்டது என்பது. அதற்குத் தடம் வேண்டும். உள்ளூரிலேயே விற்காத தட்டு கடல் கடந்து அந்த மூவர் கைக்குப் போன பாதையை எவரும் காட்டவில்லை. ஃப்யூச்சர் குழுவினர் சொல்லும் கதை வேறு. டி.பி.303 கிட்டார் கலைஞர்களுக்குத் துணையாகப் பாஸ் வாசிக்கச் செய்யப்பட்டது. அந்த வேலைக்கு அது ஒத்துவரவில்லை; 1984இல் தயாரிப்பு நின்றுபோக, பழைய சாமான் விலைக்கு வந்தது. அப்படி வாங்கிய ஒன்றின் திருகுகளை அவர்கள் மனம்போனபடி முறுக்கியபோது எழுந்த நெளிவுதான் ஆசிட். ரான் ஹார்டி என்பவர் தம் நடனக் கூடத்தில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கினார்.

எனவே விடையை எந்திரத்துக்குள் தேடினேன். டி.பி.303இல் ஒரு சுரவரிசையைப் பதினாறு படிகளில் எழுதலாம். ஒவ்வொரு படிக்கும் அழுத்தம் தரலாம். அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகச் சொல்லலாம். கீபோர்டின் கட்டைகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் ஓடும் இந்த வழுக்கல், நம் கமக வகைகளில் ஜாரு எனப்படுவதன் தூரத்து உறவு. வீணையில் விரல் ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு இழுபடும் ஒலி அது. ராகத்தை மின்கருவியில் வாசிக்க நினைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. வேறுபாடும் உண்டு. கலைஞரின் ஜாரு மனத்துக்கேற்ப நீளும், குறுகும். எந்திரத்தின் வழுக்கல் எப்போதும் ஒரே அளவு. தட்டைக் கூர்ந்து கேட்டால் இது தெரியும். பாஸ் நெளியும்போது நேரம் மாறுவதில்லை. மேலே ஜூபிட்டரில் கை வாசிக்கும்போது மாறுகிறது.

இன்னொரு ஒற்றுமை இதைவிட ஆழமானது. மேற்கத்தியப் பாட்டில் அடியில் உள்ள சுரக்கூட்டு மாறிக்கொண்டே போகும். ராகத்துக்கு அது ஆகாது. ஆதார சுருதி அசையாமல் நிற்க வேண்டும். அதனால் சிங் பாஸ் வரிசையை ஓரிடத்திலேயே சுழல விட்டார். சிகாகோக்காரர்களும் ஓரிடத்திலேயே சுழல விட்டார்கள். அவர்களுக்குக் காரணம் சுருதி இல்லை, விடிய விடிய ஆடுகிறவர்களின் கால். ஒரே எந்திரம், ஒரே அசையாமை, இரண்டு வேறு தேவைகள். காது இரண்டையும் உறவு என்று கேட்பதில் வியப்பில்லை. முந்தியது என்பதற்குச் சான்று உண்டு. மூலம் என்பதற்கு இல்லை என்று பையனிடம் சொன்னேன். அவனுக்கு வருத்தம்தான். எனக்கோ பாதை இருந்ததைவிட இல்லாததுதான் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

சிங் மீது படிந்த பாதிப்புக்குத் தடம் தேடுவது எளிது. 1980இல் 'குர்பானி' படத்தில் பெங்களூரில் பிறந்த பிட்டு அமைத்த டிஸ்கோ பாட்டு, மறு ஆண்டு நாசியா ஹசனும் அவர் தம்பியும் பாடிய 'டிஸ்கோ தீவானே', 1982இல் பப்பி லஹரியின் 'டிஸ்கோ டான்சர்' என்று பம்பாய் முழுக்க அந்தத் தாளம்தான். படங்களில் எல்லாம் டிஸ்கோ, தபலாவை நிறுத்திவிட்டு அந்தத் தாளத்தில் ராகம் வாசித்தால் என்ன என்று தோன்றியதாகச் சிங்கே பின்னாளில் பேட்டியில் சொன்னார். அவர் எதிர்காலத்தை எட்டிப் பார்த்தவர் அல்லர். தம் காலத்தின் சரக்கை எடுத்து, தம் வித்தையில் தோய்த்தவர். அதனால் தட்டின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. 2015இல் அவர் மறைவதற்கு முன் வெளிநாட்டு மேடைகளில் இதே ராகங்களை அவரே வாசிக்கும் காலமும் வந்தது.

1982ஐயும் தாண்டிப் பின்னே போகலாமா? போகலாம். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவித் தந்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் அதில் ஒலிநாடாக்கள் பதிவுசெய்தனர். லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் அந்த நாடாக்களை நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் கண்டெடுத்தார். 2023இல்தான் அவை தட்டாக வெளிவந்தன. இந்திய மின்னிசை வரலாற்றில் இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் நம் வழக்குக்கு அவை உதவா. அலமாரியில் இருந்த நாடா எவர் காதுக்கும் போகவில்லை.

இந்த இடத்தில் மைக்செட் அண்ணன் கேட்ட கேள்விதான் தேடலைத் திருப்பிவிட்டது. "தடம் இருக்கணும்னு சொல்றீங்க. சரி. செய்யூர்த் தெருவுக்கு வந்து சேந்த முதல் கரண்டு வாத்தியம் எது?" கேட்டுவிட்டு அவரே, பேண்டு செட்டுக்காரர்கள் கீபோர்டில் வாசிக்கும் மகுடியைச் சொன்னார்.

முதலில் நாகஸ்வரப் பெரியவர் அதை ஒப்பவில்லை. மகுடி என்பது புன்னாகவராளி, காலங்காலமாக வாசிப்பது, அதில் கரண்டு எங்கே வந்தது என்றார். இருவரையும் அவரவர் மகுடியைப் பாடிக்காட்டச் சொன்னபோதுதான் குழப்பம் தீர்ந்தது. மெட்டுகள் இரண்டு. பெரியவர் பாடியது நாகஸ்வரத்தார் வாசிக்கும் புன்னாகவராளி மகுடி. அண்ணன் பாடியது 1954இல் வந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் மெட்டு. ஒரே பெயர், ஒரே பாம்பு, வேறு வேறு வம்சம்.

'நாகின்' படத்துக்கு இசை ஹேமந்த் குமார். அதில் ஒலிப்பது பாம்பாட்டியின் குழல் என்றே கேட்டவர்கள் நம்பினார்கள். குழல் அல்ல அது. கிளாவியோலின் என்ற மின்கருவி. 1947இல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கியது. பியானோவின் ஓரத்தில் மாட்டி ஒரு கையால் வாசிக்கலாம். 1962இல் பிரிட்டனின் டொர்னாடோஸ் குழு 'டெல்ஸ்டார்' தட்டில் விண்வெளி ஒலிக்காகப் பயன்படுத்தியதும் இதே கருவியைத்தான். அவர்கள் காதுக்கு விண்கோளாகக் கேட்டது, எட்டாண்டு முன்பே நம் காதுக்குப் பாம்பாகக் கேட்டிருக்கிறது.

தடம் என்ற அளவுகோலை வைத்தால் மூன்று கூற்றுகளும் இங்கே பின்தள்ளப்படுகின்றன. சரண்ஜித் சிங்கின் தட்டு செய்யூருக்கு வர மறுவெளியீடும் கைபேசியும் தேவைப்பட்டன. 'நாகின்' மெட்டோ ரேடியோ, இசைத்தட்டு, பேண்டு செட்டு, இன்னிசைக் கச்சேரி என்று கைமாறிக் கைமாறித் தெருவுக்கே வந்து, படத்தின் பெயரையும் தொலைத்துவிட்டு, மகுடி என்ற உள்ளூர்ப் பெயரையும் வாங்கிக்கொண்டது. பாதிப்பு என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

கிளாவியோலினை வாசித்த கை ஹேமந்த் குமாருடையது அன்று. அவரிடம் வேலைபார்த்த கல்யாண்ஜி வாசித்தார். அவர் பின்னாளில் தம்பி ஆனந்த்ஜியோடு சேர்ந்து புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஆனதால் அந்தக் கையின் பெயர் நமக்குத் தெரிகிறது. 'புன்னகை மன்ன'னில் திலீப்பின் கையைப் பற்றி இன்று பேசுவதும் அவர் ரகுமான் ஆனதால்தான். சிங் சொந்தப் பெயரில் தட்டுப் போடாமல் இருந்திருந்தால், மற்ற பம்பாய்க் கலைஞர்களோடு அவரும் உறைக்குப் பின்னால் கரைந்திருப்பார். ரகுமான் தம் கேசட்டுகளின் உள்ளட்டையில் வாசித்தவர் பெயர்களை அச்சிடத் தொடங்கியதை நான் 'ரோஜா'வின் ஒலிக்கு இணையான மாற்றமாக மதிப்பது இதனால்தான்.

அண்ணனும் பையனும் இப்போது வேறொரு வேலையில் என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் சென்னைப் பதிவுக் கூடங்களில் கீபோர்டு வாசித்தவர்களின் பட்டியல் அது: ஆள் யார், எந்தக் கருவி, எந்தப் படம். வாத்தியக் கலைஞர்களின் வாய்மொழியை ஒரு பத்தியிலும், எந்திரம் சந்தைக்கு வந்த ஆண்டை அடுத்த பத்தியிலும் எழுதுகிறோம். இரண்டும் முரண்பட்டால் சிவப்பு மையில் கோடு. முதல் வரியில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த விஜி மேனுவலின் பெயரை எழுதியவர் மைக்செட் அண்ணன். திலீப் பெயர் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது, எதிரே, 'சி.எக்ஸ்.5.எம்., 1984 — கால ஒப்பு உண்டு, வாய்மொழி' என்று பையனின் கையெழுத்து.